ஐந்தாம் நாளும் மூன்றாம் நாளும்: ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத பெருங்குடல் புண் அழற்சியின் மீட்பு மருத்துவ வரலாறும் திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

பெருங்குடல் புண் அழற்சியின் கடும் தாக்குதல் ஸ்டீராய்டு மருந்துக்குக் கட்டுப்படாதபோது அளிக்கப்பெறும் மருத்துவம் 'மீட்பு மருத்துவம்' எனப்படுகிறது. இதன் வரலாற்றைப் புதுமருந்துகளின் வருகை வரிசையாகக் கூறுவதே வழக்கம். நோயாளிகளின் இறப்பு குறைந்ததில் மருந்துக்கு நிகரான பங்கு, 'எத்தனை நாள் காத்திருக்கலாம்' என்னும் வரையறைக்கும் உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து. அவ்வரையறை இந்தியச் சூழலில் அமீபாச் சீதபேதி, காசநோய், மருந்து விலை ஆகியவற்றை எதிர்கொண்ட விதமும், திருப்பூர் வேலம்பாளையம் போன்ற தொழிலாளர் பகுதிகளில் அந்த நாள் கணக்கு பெறும் பொருளும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பெருங்குடல் புண் அழற்சி, மீட்பு மருத்துவம், இன்ஃபிளிக்சிமாப், லூதியானா, திருப்பூர், தொழிலாளர் நலம்

முன்னுரை

இரத்தமும் சளியும் கலந்த கழிச்சலைத் தமிழ் வழக்கு சீதபேதி, இரத்தபேதி, வயிற்றுக்கடுப்பு, குருதிக்கழிச்சல் எனப் பல பெயர்களால் சுட்டும். இப்பெயர்கள் அனைத்தும் வெளிப்படும் அறிகுறியைக் குறிப்பவை. காரணத்தைக் குறிப்பவை அல்ல. பாக்டீரியாவால் வருவதும், அமீபாவால் வருவதும், கிருமி எதுவுமின்றி உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே பெருங்குடலின் உட்படலத்தைத் தாக்குவதால் வருவதும் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதே மருத்துவர்கள் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என வழங்கும் பெருங்குடல் புண் அழற்சி. ஒரு வாரத்தில் குணமாகும் நோயையும், ஒரு வாரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய நோயையும் ஒரு சொல்லே குறிப்பது மொழியளவில் நிற்கும் சிக்கல் அன்று. நோயாளி எப்போது மருத்துவமனைக்குப் புறப்படுகிறார் என்பதையும் அச்சொல் தீர்மானிக்கிறது.

நஞ்செனக் கருதப்பட்ட நோய்

இந்நோய் ஐரோப்பிய மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றது ஒரு கொலைவழக்கின் வழியாகவே. 1859ஆம் ஆண்டு இசபெல்லா பேங்க்ஸ் என்னும் பெண் இலண்டனுக்கு அருகில் கடும் கழிச்சலால் இறந்தார். அவருடன் வாழ்ந்த மருத்துவர் தாமஸ் ஸ்மெத்தர்ஸ்ட் நஞ்சூட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தூக்குத்தண்டனை பெற்றார். பின்னர் அத்தண்டனையிலிருந்து விடுவிக்கப்பட்டார். இறந்தவரின் குடலை ஆராய்ந்த சாமுவேல் வில்க்ஸ், அங்கே கண்ட அழற்சியையும் புண்களையும் பதிவு செய்தார். அப்பதிவே இந்நோயின் தொடக்க ஆவணங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அது குரோன் நோயாக இருந்திருக்கலாம் எனப் பிற்காலத்தார் ஐயுற்றதும் உண்டு. எவ்வாறாயினும், நோய் தன் பெயரால் அறியப்படுவதற்கு முன் வேறொன்றாகக் கருதப்பட்டது என்பது நம் ஆய்வுக்கு முக்கியம். இலண்டனில் நஞ்சு எனக் கருதப்பட்டது. இந்தியாவில் அமீபா எனக் கருதப்பட்டது.

1909இல் இலண்டன் ராயல் மருத்துவச் சங்கம் நகரத்து மருத்துவமனைகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்திருந்தனர். மருத்துவமனை வரை வந்தவர்களின் கணக்கு இது.

ஆக்ஸ்போர்டின் நாள்கணக்கு

சுவீடன் நாட்டின் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டழற்சிக்கென உருவாக்கிய சல்ஃபாசலசின் 1940களில் மிதமான நோய்க்குப் பயன்பட்டது. கடும் தாக்குதலில் திருப்பம் ஏற்படுத்தியது கார்ட்டிசோன். சிட்னி ட்ரூலவ், லெஸ்லி விட்ஸ் ஆகியோர் 1955இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் 210 நோயாளிகள் இடம்பெற்றனர். குலுக்கல் முறையில் கார்ட்டிசோன் பெற்றவர்களுள் 41 விழுக்காட்டினரும், பெறாதவர்களுள் 16 விழுக்காட்டினரும் நோய் தணிந்தனர். குடல்நோய் மருத்துவத்தில் கட்டுப்பாட்டுக் குழுவுடன் நிகழ்ந்த முன்னோடி ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

அவ்வாய்வு மற்றொரு கொடையையும் அளித்தது. என் மதிப்பீட்டில் மருந்தினும் அதுவே நீடித்தது. 'கடுமை' என்றால் என்ன என்பதை அது வரையறுத்தது. இன்று வழங்கும் வடிவில் அவ்வரையறை பின்வருமாறு அமைகிறது: இரத்தம் கலந்த கழிச்சல் நாளொன்றுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ நிகழ வேண்டும், அதனுடன் நாடித்துடிப்பு 90க்கு மேல், உடல்வெப்பம் 37.8 பாகை செல்சியசுக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5 கிராமுக்குக் கீழ், செங்குருதியணு படிவு வேகம் 30க்கு மேல் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருக்க வேண்டும். எண்ணத் தெரிந்த ஒருவர், ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி, ஓர் எளிய இரத்தப் பரிசோதனை போதும். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் உலகெங்கும் இவ்வரையறை வழக்கில் இருப்பதற்கு இந்த எளிமையே காரணம். வட்ட மருத்துவமனை ஒன்றிலும் இதனைக் கையாள முடியும்.

1974இல் ட்ரூலவும் டெரெக் ஜுவெலும் கடும் தாக்குதலுக்குச் சிரைவழி ஸ்டீராய்டு அளிக்கும் ஐந்து நாள் முறையை வெளியிட்டனர். 49 நோயாளிகளுள் 36 பேர் ஐந்து நாளில் அறிகுறி நீங்கினர். இணங்காதவர்களுக்கு உடனே அறுவை செய்து பெருங்குடலை அகற்ற வேண்டும் என்பது அம்முறையின் பிரிக்கவியலாப் பகுதி. மருந்து அளித்தவர்களே 'இத்துடன் நிறுத்துக' என்று ஒரு நாளையும் குறித்தனர். முன்னர் வாரக்கணக்கில் காத்திருந்து, குடல் வெடித்தபின் அறுவைக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர் இறந்தனர். அந்த இறப்புகளைத் தடுத்தது ஸ்டீராய்டு மட்டும் அன்று, ஐந்தாம் நாளும்தான்.

1996இல் ஆக்ஸ்போர்டு மருத்துவர் சைமன் டிராவிஸும் பிறரும் அந்நாளை மேலும் முன்னுக்கு இழுத்தனர். சிகிச்சையின் மூன்றாம் நாளில் கழிச்சல் எட்டு முறைக்கு மேல் இருந்தாலோ, மூன்று முதல் எட்டு முறை வரை இருந்து சி-எதிர்வினைப் புரதம் 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலோ, அவர்களுள் 85 விழுக்காட்டினர் அதே சேர்க்கையில் பெருங்குடலை இழப்பர் என அவர்கள் காட்டினர். ஐந்தாம் நாள் முடிவெடுக்கும் நாளாக இருந்தது. மூன்றாம் நாள் முன்னறியும் நாளாயிற்று. இடைப்பட்ட இரண்டு நாள்களில்தான் மீட்பு மருத்துவம் என்ற கருத்தே இடம்பிடித்தது. 1974 முதல் 2006 வரையிலான 32 ஆய்வுகளைத் தொகுத்த டான் டர்னரின் 2007ஆம் ஆண்டுக் கட்டுரை, ஸ்டீராய்டுக்கு இணங்குவோர் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் எனக் கணித்தது. மூவரில் ஒருவர் இணங்கவில்லை. அரை நூற்றாண்டில் இவ்விகிதம் பெரிதும் மாறவில்லை.

மண்ணிலிருந்து ஒன்று, எலியிலிருந்து ஒன்று

அந்த மூவரில் ஒருவருக்குக் கத்தியன்றி வேறு வழி 1994 வரை உறுதிப்படவில்லை. நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் 1969இல் எடுக்கப்பட்ட மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து, சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தார் பிரித்தெடுத்தது சைக்ளோஸ்போரின். உறுப்பு மாற்று அறுவையில் புகழ்பெற்ற அம்மருந்தை, ஸ்டீராய்டுக்கு இணங்காத 20 நோயாளிகளிடம் சைமன் லிக்டிகரும் உடனுழைத்தோரும் சோதித்தனர். மருந்து பெற்ற 11 பேரில் 9 பேர் தேறினர். வெற்று மருந்து பெற்ற 9 பேரில் ஒருவரும் தேறவில்லை. இருபதே பேர் கொண்ட ஆய்வாயினும் அதன் முடிவில் ஐயத்திற்கு இடமில்லாதிருந்தது.

உயிரிமருந்தின் கதை வேறு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் யான் வில்செக்கும் ஜுன்மிங் லெயும் எலியின் எதிர்ப்பொருளை அடிப்படையாகக் கொண்டு, செண்டோகார் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கியது இன்ஃபிளிக்சிமாப். ஏறத்தாழக் கால்பங்கு எலிக்கும் முக்கால்பங்கு மனிதருக்கும் உரிய அப்புரதம், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் என்னும் பொருளைப் பற்றிப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. குரோன் நோய்க்கு 1998இலும் பெருங்குடல் புண் அழற்சிக்கு 2005இலும் அமெரிக்க அரசு இசைவளித்தது. அதே 2005இல் சுவீடன், டென்மார்க் மருத்துவமனைகளில் குன்னர் யார்னரோட் தலைமையில் 45 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு வெளிவந்தது. ஒரே தவணை மருந்து பெற்ற 24 பேரில் 7 பேரும், பெறாத 21 பேரில் 14 பேரும் மூன்று மாதத்திற்குள் பெருங்குடலை இழந்தனர்.

இரண்டனுள் எது சிறந்தது? பிரான்சு உள்ளிட்ட நாடுகளில் 115 பேரிடம் (2012), பிரித்தானியாவில் 270 பேரிடம் (2016) நிகழ்ந்த ஒப்பீடுகள் இரண்டும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஆயினும் நடைமுறையில் இன்ஃபிளிக்சிமாப் மேலோங்கியது. சைக்ளோஸ்போரினுக்கு இரத்தத்தில் மருந்தின் அளவை இடைவிடாது கண்காணிக்க வேண்டும். மக்னீசியமும் கொழுப்பும் குறைந்தவருக்கு வலிப்பு வரும் இடர் உண்டு. சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். உடல் எடைக்கேற்பக் கணக்கிட்டு இரண்டு மணிநேரத்தில் ஏற்றி முடிக்கும் மருந்து மருத்துவருக்கு எளிது. ஒப்பீட்டு ஆய்வு தராத வெற்றியைக் கையாளும் எளிமை தந்தது. விலையை ஏற்கும் காப்பீடு உள்ள நாடுகளில் இத்தேர்வு இயல்பானது. மலிவான சைக்ளோஸ்போரின் கிடைக்கும் நம் நாட்டில் அது பரவலாகப் பயன்படாமைக்கு, மருந்தின் அளவை அன்றாடம் அளந்து சொல்லும் ஆய்வகங்கள் பெருநகர மருத்துவமனைகளுக்குள் அடங்கியிருப்பதும் ஒரு காரணம்.

இந்தியாவின் மூன்று தடைகள்

1912இல் கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் எமெட்டின் ஊசியால் அமீபாச் சீதபேதியைக் குணப்படுத்திக் காட்டினார். அவ்வெற்றி பெரிது, அதன் நிழலும் பெரிது. இரத்தக் கழிச்சல் என்றாலே அமீபா என்ற எண்ணம் இந்திய மருத்துவத்தில் வேரூன்றியது. பெருங்குடல் புண் அழற்சி குளிர்நாட்டு நோய் எனப் பாடநூல்கள் கூறிய காலத்தில், தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பி. என். டாண்டனும் பிறரும் 1965இலும், சுட்டானியும் பிறரும் 1967இலும் வட இந்திய நோயாளிகளைப் பற்றி எழுதினர். நோய் இங்கும் உண்டு என்பதை மருத்துவமனை ஆவணங்களைக் கொண்டு அவர்கள் நிலைநாட்டினர்.

மருத்துவமனைக்கு வெளியே அதனை எண்ணிக் காட்டியது லூதியானா. அஜித் சூத், வந்தனா மிதா ஆகியோரும் பிறரும் பஞ்சாபில் 51,910 பேரிடம் வீடுவீடாக ஆய்ந்து, இலட்சத்திற்கு 44.3 பேர் இந்நோயுடையோர் என 2003இல் அறிவித்தனர். குளிர்நாட்டு நோய் என்ற கருத்தை அவ்வெண் தகர்த்தது.

எனினும் அமீபாவைப் பற்றிய அச்சம் மூடநம்பிக்கை அன்று. அமீபாப் புண்ணுள்ள குடலுக்கு ஸ்டீராய்டு அளித்தால் குடல் துளைபட்டு நோயாளி இறக்கக்கூடும். ஆகவே இந்திய மருத்துவர் இருபுறமும் கூரிய கத்தியின்மேல் நடந்தார். அமீபா மருந்தையே மீண்டும் மீண்டும் அளித்தால் புண் அழற்சி முற்றும். சோதிக்காமல் ஸ்டீராய்டு அளித்தால் அமீபா கொல்லும். புதிதாக எடுத்த மலத்தை உடனே நுண்ணோக்கியில் காண்பதும், குடல் அகநோக்கியால் திசு எடுத்து ஆராய்வதும் இங்கே ஆக்ஸ்போர்டு கணக்குக்கு முந்தைய ஒரு நாளைக் கேட்டன.

இரண்டாம் தடை காசநோய். இன்ஃபிளிக்சிமாப் பெற்றவர்களுள் 70 பேருக்குக் காசநோய் வெளிப்பட்டதை ஜோசப் கீனும் பிறரும் 2001இல் அறிவித்தனர். உடல் காசக்கிருமியைச் சிறைப்படுத்தி வைக்கும் சுவருக்கு டி.என்.எஃப் இன்றியமையாதது, அதனைச் செயலிழக்கச் செய்தால் சுவர் இடிகிறது. உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். எனவே மார்பு ஊடுகதிர்ப் படமும் மாண்டூ சோதனையோ இரத்தச் சோதனையோ இங்குக் கட்டாயம். பிள்ளைப்பருவத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி பெற்றவரிடம் மாண்டூ முடிவு குழப்பும். ஸ்டீராய்டு உட்கொள்பவரிடம் எதிர்மறையாகத் தோன்றி ஏமாற்றும். மறைந்துள்ள காசநோய்க்கு முதலில் சில வாரம் தடுப்பு மருந்து அளித்துப் பின்னர் உயிரிமருந்து தொடங்குவது நெறி. மூன்றாம் நாள் நோயாளிக்கு அந்தச் சில வாரங்கள் இல்லை. பிற நோய்களில் முறையாகச் செயல்படும் இந்நெறி, மீட்பு மருத்துவத்தில் மட்டும் மருத்துவரின் துணிவை நம்பி நிற்கிறது.

மூன்றாம் தடை விலை. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 250 மில்லிகிராம் தேவை. குப்பி 100 மில்லிகிராம் அளவில் வருவதால் மூன்று குப்பிகள் வாங்க வேண்டும். முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் என மூன்று தவணைகள். அதன்பின் எட்டு வாரத்திற்கு ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முதல் ஒப்புமருந்தை ஏற்றபின் உலகெங்கும் விலை இறங்கியது. இந்தியச் சந்தையிலும் 2014ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி ஒப்புமருந்துகள் வரத்தொடங்கின. இறங்கிய விலையிலும் ஒரு தவணை ஒரு தையல் தொழிலாளியின் பல மாத ஊதியத்தை விழுங்கும். இதிலும் ஒரு கூடுதல் இழப்பு உண்டு. கடும் அழற்சியால் இரத்தப் புரதம் கசியும் குடல் வழியே ஏற்றிய இன்ஃபிளிக்சிமாப்பும் மலத்தில் வெளியேறுவதை 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர் நிறுவினர். நோய் முற்றிய பின் வருபவரே அதிக மருந்தை வீணாக்க நேர்கிறது.

லூதியானாவின் விடை

பஞ்சாபின் லூதியானா கம்பளிப் பின்னலாடைக்கும், தமிழகத்தின் திருப்பூர் பருத்திப் பின்னலாடைக்கும் பெயர்பெற்றவை. முற்கூறிய கணக்கெடுப்பை நடத்திய தயானந்த் மருத்துவக் கல்லூரியினரே 2024இல் மற்றொரு முடிவையும் வெளியிட்டனர். கடும் தாக்குதலுடன் சேர்ந்த 104 பேருக்கும் ஸ்டீராய்டு அளிக்கப்பட்டது. அவர்களுள் 53 பேருக்கு முதல் நாளிலிருந்தே டோஃபாசிட்டினிப் மாத்திரை 10 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை சேர்த்துத் தரப்பட்டது; 51 பேருக்கு வெற்று மாத்திரை. ஏழாம் நாளில் முதற்குழுவில் 44 பேரும் (83 விழுக்காடு) இரண்டாம் குழுவில் 30 பேரும் (59 விழுக்காடு) தேறினர். மீட்பு மருத்துவம் தேவைப்பட்டோரும் முதற்குழுவில் குறைந்தனர்.

இது உயிரிமருந்து அன்று. வேதியியல் முறையில் செய்யப்படும் சிறுமூலக்கூறு. குளிர்பதனம் வேண்டா, சிரைவழி ஏற்ற வேண்டா, இந்திய நிறுவனங்கள் பல இதனைத் தயாரிக்கின்றன. வரலாற்று நோக்கில் வேறொன்று முதன்மையானது. ஸ்டீராய்டு தோற்றபின் மீட்பது என்ற ஆக்ஸ்போர்டு வரிசையை இவ்வாய்வு கலைத்து, தோல்விக்குக் காத்திராமல் முதல் நாளிலேயே இரண்டையும் சேர்த்தது. ஐந்தாம் நாள் மூன்றாம் நாளானது போல, மூன்றாம் நாள் முதல் நாளாயிற்று. ஆயினும் மாத்திரை பெற்றவர்களுள் ஒருவருக்கு மூளைச் சிரைக்குழியில் இரத்தக்கட்டு ஏற்பட்டது. இவ்வகை மருந்துகளின் இதயநோய், இரத்த உறைவு இடர்களைப் பற்றி அமெரிக்க மருந்து நிருவாகம் 2021இல் கடும் எச்சரிக்கை விடுத்துள்ளது. காசநோய் இடரும் நீங்கவில்லை. ஒரே மையத்தில் நிகழ்ந்த ஆய்வு என்பதையும் மறத்தலாகாது.

வேலம்பாளையமும் சுழியாம் நாளும்

15 வேலம்பாளையம் எனத் தன் பெயரிலேயே எண்ணைச் சுமக்கும் ஊர், தனி நகராட்சியாக இருந்து 2011இல் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்தது. பனியன் கம்பெனிகளும், அவற்றுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் பவர் டேபிள் கூடங்களும் நிறைந்த வட்டாரம் இது. பீஸ் ரேட்டும் வாரச் சம்பளமும் இங்குத் தொழிலின் இயல்பு.

மேற்கூறிய நாள்கணக்குகள் அனைத்தும் மருத்துவமனைக் கட்டிலில் தொடங்குபவை. முதல் ஊசி ஏறிய நேரமே அவற்றின் முதல் நாள். நோயோ அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கடுமையின் முதல் அளவுகோல் கழிச்சலின் எண்ணிக்கை. எந்திரத்தை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் தைத்த உருப்படியின் எண்ணிக்கை குறையும் தொழிலில், அந்த அளவுகோல் ஊதியத்தின் அளவுகோலும் ஆகிவிடுகிறது. உணவையும் நீரையும் குறைத்துக்கொண்டு வேலையில் அமர்பவருக்கு எண்ணிக்கை குறையலாம், நோய் குறையாது. உடல்வலிக்கென மருந்துக்கடையில் வாங்கும் வலிநிவாரணிகள் சில இந்நோயைக் கிளறிவிடக்கூடியவை. 'சீதபேதி' என்ற பெயரும் இங்கே மீண்டும் குறுக்கிடுகிறது. சீதபேதிக்கு விடுப்பெடுத்து மருத்துவமனையில் படுப்பார் யாருமில்லை. மருத்துவமனையை அடையும்போது ஹீமோகுளோபினும் இரத்தப் புரதமும் சரிந்திருந்தால், விலையுயர்ந்த மருந்து கசிந்து வீணாகும் நிலையிலேயே சிகிச்சையின் முதல் நாள் தொடங்குகிறது.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் தமிழகத்தில் 1955 சனவரியில் கோயம்புத்தூரில்தான் தொடங்கியது. திருப்பூர் அன்று அம்மாவட்டத்தின் பகுதி. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளோர் அத்திட்டத்தில் அடங்குவர். நோயுற்ற நாள்களுக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். மூன்றாம் நாள் வரை அச்சமின்றிக் கட்டிலில் கிடக்க இத்தொகை மருந்தைப் போலவே இன்றியமையாதது. ஆனால் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளேனும் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. பத்துப் பேருக்குக் குறைந்தோர் வேலைசெய்யும் பவர் டேபிள் கூடத்திற்குச் சட்டம் பொருந்தாது. சீசனுக்கேற்பக் கம்பெனி மாறும் தொழிலாளிக்கும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து சில மாதம் தங்குபவருக்கும் அந்த 78 நாள் நிறைவது எளிதன்று.

2019இல் திருப்பூரில் 100 படுக்கைகள் கொண்ட ஈட்டுறுதி மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2022 சனவரியில் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ட்ரூலவ், விட்ஸ் வகுத்த அளவுகோலைக் கையாள உயர்சிறப்பு மருத்துவர் வேண்டா. வார்டின் செவிலியரே கழிச்சலையும் நாடியையும் குறித்துவரலாம். மூன்றாம் நாள் காலையில் அக்குறிப்பேட்டைப் படித்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூருக்கு அன்றே அனுப்பலாமா என முடிவெடுக்கும் ஒருவர் வேண்டும். மார்பு ஊடுகதிர்ப் படமும் காசநோய்ச் சோதனையும் அமீபாச் சோதனையும் சேர்க்கையான முதல் நாளிலேயே முடிந்திருந்தால், அந்த முடிவுக்கும் மருந்துக்கும் இடையே இழக்கப்படும் நாள்கள் குறையும்.